பைபர் தூசியும் முகக்கவசமும் மேஸ்திரியின் தாடியும்



பைபர் வேலை செய்யும் இடங்களில் எந்த முகக்கவசம் அணிவது நல்லது என்று சகோதரர்கள் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். அந்தச் சிறிய கேள்விதான் எங்கள் பட்டறையில் ஒரு மனிதரின் கூலியையும், அவருடைய நுரையீரலையும், சுன்னத் என்று அவர் பேணி வளர்த்த தாடியையும் ஒரே தராசில் கொண்டுவந்து வைத்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். நாகூருக்குத் தெற்கே கடலோரமாக, பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். எங்கள் வாப்பா மரவள்ளங்களுக்குக் கலப்பற்று அடித்தவர். இந்தக் கரையோரத்தில் 1980களிலேயே சோதனை முயற்சியாகப் பைபர் படகுகள் வந்தன. ஆனால், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவை நிவாரணமாக ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியபோதுதான் கட்டுமரம் ஒதுங்கியது. வாப்பாவின் உளியும் சுத்தியலும் ஒதுங்கின. அவற்றின் இடத்துக்குக் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் கிரைண்டரும் வந்து சேர்ந்தன.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். படகு மணல்திட்டில் மோதி விரிசல் கண்டால், விரிசலின் மேல் ஒட்டுப் போட்டுவிட்டால் போதாது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பைபரைச் சரிவாக அராவி எடுத்த பிறகுதான் புதிய பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகப் பதிக்க வேண்டும். அராவாமல் போட்ட ஒட்டு முதல் பெருங்காற்றிலேயே உரிந்துவிடும். ஆகவே தூசியைத் தவிர்த்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. கிரைண்டர் ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஆள் வெள்ளையாகவோ நீலமாகவோ மாறிவிடுவார். எந்த நிறம் என்பது படகின் மேற்பூச்சைப் பொறுத்தது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சுணை ஏறும். வைக்கோற்போரில் புரண்டவனுக்கு ஏறுமே, அதே சுணை. ஆனால் இது எளிதில் இறங்காது.

இந்தத் தூசி கல்நார்த் தூசியைப் போலக் கொல்லுமா என்பது பலருக்கும் இருக்கும் அச்சம். இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கல்நார் இழை நெடுக்குவாட்டில் பிளந்து பிளந்து மேலும் மேலும் மெலிந்துகொண்டே போகும். கண்ணாடி இழை குறுக்காகத்தான் முறியும். துண்டு சிறிதாகலாம், பருமன் குறையாது. படகுக்குப் பயன்படும் இழையின் பருமன் பெரும்பாலும் பத்து மைக்ரானை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், அது நுரையீரலின் அடியாழம் வரை இறங்குவது கடினம். மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொண்டு எரிச்சலும் இருமலும் தரும். இந்த வகைத் தொடர் இழையைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002இல் மூன்றாம் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதவற்றில் வைத்தது.

இதைக் கேட்டு நிம்மதி கொள்பவர்களுக்கு அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். கிரைண்டரின் கீழிருந்து பறப்பது இழை மட்டுமன்று. இறுகிய ரெசினும், மேற்பூச்சும், நிறமியும் மாவாகிப் பறக்கின்றன. அந்த மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் ஏராளம். இழை இறங்காத ஆழத்துக்கு அது இறங்கும். வெயிற்கீற்றில் மிதந்து மினுங்குவதை நாம் தூசி என்கிறோம். கவலைப்பட வேண்டியது அந்தக் கீற்றிலும் தென்படாத தூசியைப் பற்றி.

இனி முகக்கவசத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் முதலில் இருந்தது துண்டு. அதை நனைத்துக் கட்டினால் இன்னும் நல்லது என்று நம்பியவர்கள் உண்டு. 2020க்குப் பிறகு மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசம் வீடுதோறும் மிஞ்சிக் கிடந்ததால் அது பட்டறைகளுக்கு வந்தது. இரண்டும் இந்த வேலைக்கு உதவா. மருத்துவர் அணியும் மெல்லிய கவசம் அவருடைய எச்சில் நோயாளியின் மேல் தெறிக்காமல் தடுக்க உருவானது. அதன் கன்னப் பக்கம் திறந்தே இருக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று எளிய வழியைத்தான் தேடும். வாய்க்காலில் மடை உடைந்திருந்தால் மதகைப் பார்த்தா நீர் ஓடும்? உடைப்பைப் பார்த்துத்தான் ஓடும்.

வேண்டியது துகள்களை வடிகட்டுவதற்கென்றே செய்த கவசம். அமெரிக்க முறையில் அதை என்95 என்பார்கள். 0.3 மைக்ரான் அளவை ஒட்டிய, பிடிபடுவதற்கு மிகக் கடினமான துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஐரோப்பிய முறையில் எஃப்எஃப்பி1, எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3 என்று மூன்று தரங்கள். முறையே 80, 94, 99 விழுக்காடு. நம் நாட்டின் ஐ.எஸ். 9473 என்ற தரநிலையும் இதே மூன்று பெயர்களைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணும் எஃப்எஃப்பி2 என்ற எழுத்தும் கவசத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பெட்டியில் மட்டும் அச்சிட்டிருந்தால் நாங்கள் வாங்குவதில்லை. திறந்தவெளியில் அராவும் வேலைக்கு எஃப்எஃப்பி2க்குக் கீழே இறங்கக் கூடாது. படகின் வயிற்றுக்குள் குனிந்து அராவ வேண்டியிருந்தால் எஃப்எஃப்பி3 வேண்டும் என்பது எங்கள் முடிவு.

காதில் மாட்டும் நாடாவைவிடத் தலைக்குப் பின்னால் போகும் இரட்டை நாடாவே மேல். முகத்தோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற என்95 என்று சொல்லிக் காது நாடா உள்ளதைக் கொடுத்தால் அது போலி என்று சந்தேகிக்கலாம். மூச்சை வெளியே விடும் வால்வு உள்ளது நம் வெப்பத்துக்கு ஏற்றது. கொரோனாக் காலத்தில் வால்வு வேண்டாம் என்றார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். அணிந்தவரின் மூச்சு பிறரைத் தொற்றக் கூடாது என்பதற்காக அன்று அப்படிச் சொன்னார்கள். தூசி விஷயத்தில் உள்ளே வருவதைத்தான் தடுக்கிறோம். வெளியே போவதால் யாருக்கும் கேடில்லை. இன்னொன்று, இந்தக் கவசங்களைத் துவைக்கக் கூடாது. இவற்றின் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளை ஈர்த்துப் பிடிக்கிறது; சோப்பும் சாராய வகைத் திரவங்களும் அதை அழித்துவிடும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், வேலை செய்யாது. வியர்வையில் ஊறினாலோ, மூச்சிழுக்கக் கனத்தாலோ, நாடா தளர்ந்தாலோ தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். இதில் சிக்கனம் பார்க்கும் முதலாளிகளை நாங்கள் அறிவோம். ஒரு கவசத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைவிடக் குறைவு.

தூசிக்கவசம் ரெசின் வாடையை நிறுத்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அந்த வாடை ஸ்டைரீன் என்ற ஆவியுடையது. அது துகளன்று, வாயு. எஃப்எஃப்பி3 என்றாலும் ஊடுருவிச் சென்றுவிடும். புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்பதற்குக் கணிசமான சான்று உள்ள 2ஏ பிரிவில் சேர்த்தது. ரெசின் பூசும் வேளையில் கரிம ஆவிகளுக்கான கரி டப்பா பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசம்தான் வேண்டும். அந்த டப்பாவை வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பியில் மூடி வைக்க வேண்டும். ரெசின் கொட்டகை ஆணியிலேயே தொங்கவிட்டால், ஆள் வீட்டில் உறங்கும் நேரத்திலும் அது வாடையை உறிஞ்சிக்கொண்டே இருந்து, காலையில் பயனற்றதாகியிருக்கும். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் முனைக் குழிக்குள் அது தேங்கி நிற்கும். அங்கே கவசம் மட்டும் போதாது, காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். எங்களுக்கு உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் பட்டறையின் மூத்த தொழிலாளி வாப்பாவின் காலத்திலிருந்தே எங்களோடு இருப்பவர். எங்களுக்கு அவர் நானா, ஊருக்கு மேஸ்திரி. அராவுவதில் அவர் கைக்கு ஈடு இந்தக் கரையில் இல்லை. சரிவை விரலால் தடவியே அளந்துவிடுவார். உம்ராவுக்குப் போய் வந்த ஆண்டிலிருந்து தாடியை முழுமையாக விட்டுவிட்டார். ஒரு பிடி அளவுக்கு, நரைத்து, அழகாக இருக்கும்.

எல்லோருக்கும் இரட்டை நாடா கவசம் வாங்கிக் கொடுத்து, அதை அணியாமல் கிரைண்டரைத் தொடக் கூடாது என்று வைத்தோம். அது வேலை செய்கிறதா என்பதை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது ஒளு. ளுஹருக்கு முன் பட்டறையின் பின்புறக் குழாயில் வரிசையாக ஒளு செய்வோம். நாசிக்கு நீர் செலுத்திச் சிந்தும்போது, நீலப் படகு அராவிய நாளில் முன்பெல்லாம் எல்லோருடைய மூக்கிலிருந்தும் நீல நீர் வரும். கவசம் வந்த இரண்டாம் நாளிலிருந்து மற்றவர்களுக்கு அது தெளிந்துவிட்டது. நானாவுக்கு மட்டும் தெளியவில்லை. இதை முதலில் கவனித்தவர் அவர்தான். "எனக்கு மட்டும் இன்னும் கடல் கலர்லயே வருதே, தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒளுவில் மூக்கைச் சுத்தம் செய்வது அறிவியல் சோதனைக்கு மாற்றாகாது. நுரையீரலுக்குப் போகும் நுண்தூசி மூக்கில் தங்கிக் காட்டிக்கொடுப்பதில்லை. கவசத்தைக் கழற்றிய பிறகு புகுந்த தூசியும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும், நீர் நிறமாக வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது உறுதி. ஒளு செய்யாத எங்கள் மற்றத் தொழிலாளர்களும், மீனவக் கிராமத்துப் பிள்ளைகள், இப்போது சோற்றுக்கு உட்காரும் முன் மூக்கைக் கழுவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வளைகுடாவில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் எங்கள் மச்சான் அந்த முறை விடுமுறையில் வந்திருந்தார். வரும்போது சோதனைப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தார். கவசம் அணிந்தவரின் தலையில் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே கசப்புத் திரவத்தைப் புகைபோலத் தெளிப்பார்கள். நாக்கில் கசப்புத் தட்டினால் கவசம் ஒழுகுகிறது என்று பொருள். அசையாமலும், தலையைத் திருப்பியும், குனிந்தும், பேசியும் பார்க்க வேண்டும். எங்களில் இருவருக்குக் கசப்பு வரவில்லை. இன்னொருவருக்கு மூக்குக் கம்பியைச் சரியாக அழுத்திய பிறகு நின்றது. நானா மூன்றாவது மூச்சிலேயே முகத்தைச் சுளித்தார்.

காரணம் தாடிதான். கவசத்தின் ஓரம் தோலோடு ஒட்ட வேண்டும். இடையே முடி இருந்தால், அது இரண்டு நாள் முள்தாடியாக இருந்தாலும், ஒவ்வொரு முடியின் பக்கத்திலும் ஒரு வழி திறந்துகொள்கிறது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி, கவசத்தின் ஓரம் படியும் இடத்தில் முடி இருப்பவருக்கு இறுக்கமான கவசத்தைக் கொடுக்கவே கூடாது என்கிறது. கவச ஓரத்துக்கு உள்ளேயே அடங்கும் மீசையும் சிறு குறுந்தாடியும் பரவாயில்லை, முழுத்தாடி ஆகாது. விஷவாயு அபாயம் உள்ள எண்ணெய் வயல்களில் முழு மழிப்பு கட்டாயமாக இருப்பதையும், நம் சகோதரர்கள் பலர் அங்கே மனவருத்தத்தோடு தாடியை எடுத்ததையும் மச்சான் சொன்னார்.

எங்கள் முன் மூன்று வழிகள் தெரிந்தன, மூன்றும் கசந்தன. தாடியை எடுக்கச் சொல்வது ஒன்று. அராவும் வேலையிலிருந்து அவரை விலக்கி ரெசின் பூச வைப்பது இன்னொன்று. அராவுபவருக்குக் கூலி அதிகம் என்பதால் அது அவர் வருமானத்தைக் குறைக்கும், கூலியைக் குறைக்காமல் வேலையை மட்டும் மாற்றுகிறோம் என்றபோதும், "செய்யாத வேலைக்குக் கூலி வாங்கச் சொல்றியளா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் எங்களோடு பேசவில்லை. மூன்றாவது, அவர் சொன்னது: "இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலையே, அல்லாஹ் பாத்துக்குவான்." அல்லாஹ்வின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அவரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் நாங்கள். அவருடைய தவக்குலை எங்கள் பொறுப்பைக் கழிப்பதற்கு ஒரு சாக்காக்கிக்கொள்ள மனம் வரவில்லை.

பள்ளிவாசல் இமாமிடம் மூவருமாகப் போனோம். உடனே ஹலால் ஹராம் என்று எதையும் அவர் சொல்லவில்லை; கேள்விகள்தான் கேட்டார். தாடியால் கவசம் ஒழுகுகிறது என்பது ஊகமா, சோதித்து அறிந்ததா? தாடியோடு அணியத்தக்க வேறு கருவி உலகத்தில் இல்லவே இல்லையா, அல்லது விலை அதிகம் என்பதால் நாங்கள் தேடவில்லையா? இந்த இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலி முதலானோர் எண்ணிச் சொல்லியிருப்பதை நினைவூட்டி, ஆகவே ஒழுகும் கவசத்தோடு அவரை வேலை செய்ய விடுவது முடிவாகாது என்றார். அதேவேளை வேறு வழி இருக்குமானால் சலுகையை நோக்கி அவசரப்பட வேண்டாம் என்றும், முதலில் போய்த் தேடுங்கள் என்றும் அனுப்பினார். இது எங்கள் நிலைமையைக் கேட்டு எங்களுக்குச் சொன்னது. வேறு சூழலில் இருப்பவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேடியதில் முதலில் கிடைத்தது சீக்கியச் சகோதரர்களின் ஏற்பாடு. அவர்களுக்கும் முடியை மழிப்பது மார்க்கத்தில் ஆகாது. கொரோனாக் காலத்தில் பிரிட்டனில் தாடியோடு பணியாற்றிய சீக்கியப் பல் மருத்துவர்கள், தாடியை அடக்கிக் கட்டும் தட்டா என்ற துணியின் இடத்தில் ஒரு ரப்பர்ப் பட்டையைத் தாடைக்குக் கீழிருந்து இழுத்து உச்சந்தலையில் முடிந்து, அதன் மேல் கவசத்தை அணிந்து சோதித்தார்கள். பெரும்பாலோர் தேறினார்கள் என்று 2020இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிங் தட்டா முறை என்று அதற்குப் பெயர். நாங்களும் உடற்பயிற்சிக்கு விற்கும் அகன்ற ரப்பர்ப் பட்டையை வாங்கி அப்படியே கட்டிப் பார்த்தோம். நிழலில் அமர்ந்து சோதித்தபோது நானாவுக்குக் கசப்பு வரவில்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. வெயிலில் ஒரு மணி நேரம் அராவிய பிறகு பட்டை வியர்வையில் வழுக்கிக் காதோரம் ஏறிவிட்டது; மூக்கு நீர் வெளிர்நீலமாக வந்தது. குளிரூட்டிய மருத்துவமனைக்கு அது நல்ல வழி. தோல் வியர்க்காத இடத்தில் வேலை செய்யும் தாடிக்காரச் சகோதரர்கள், சோதித்துப் பார்க்கும் வசதி இருந்தால், அதைக் கருதலாம். சித்திரை வெயிலில் நாகைக் கடற்கரைக்கு அது தாங்கவில்லை.

இறுதியில் வந்து சேர்ந்தது தலைமூடிக் கவசம். இடுப்பில் ஒரு சிறு மோட்டார். அது வடிகட்டி வழியாகக் காற்றை இழுத்து, முதுகோடு போகும் குழாய் மூலம் தலையை முழுதும் மூடிய தளர்வான உறைக்குள் தள்ளுகிறது. உள்ளே எப்போதும் காற்று நிறைந்து வெளியே கசிந்துகொண்டே இருப்பதால் தூசி உள்ளே வர வழியில்லை. முகத்தோடு எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. தாடி எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். கண்ணாடி அணிந்தவருக்கும் தொல்லையில்லை. இறுக்கமான கவசம் எதுவும் சரியாகப் பொருந்தாத முகத்துக்கும் இதுவே வழி.

விலைதான் எங்களைத் திகைக்க வைத்தது. ஒரு தொழிலாளியின் ஒரு மாதக் கூலிக்கு மேல். எங்கள் உறவினர் ஒருவர், நானா ஏழைதானே, ஜகாத் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார். இமாம் அதை ஏற்கவில்லை. பட்டறை கொடுக்க வேண்டிய கருவி அது. நம் கடமையை ஜகாத்தால் அடைத்தால் அந்தப் பணம் சுற்றி நம் பைக்கே திரும்பி வந்ததாகிவிடும் என்றார். சரியான பேச்சு. அந்த மழைக்காலத்தில் கொட்டகைக்குப் புதுக் கூரை போடுவதாக இருந்தோம். பழைய கூரையிலேயே தார்ப்பாய் விரித்துக்கொண்டோம்.

முதல் நாள் அதை அணிந்துகொண்டு நானா அராவியபோது, விண்வெளிக்குப் போகிறவர் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவர் கவலைப்படவில்லை, உள்ளே முகத்தில் காற்று அடிப்பதால் மற்றவர்கள் வியர்த்துக் கொட்டும் நேரத்தில் அவர் மட்டும் சுகமாக இருந்தார். அன்று ளுஹருக்கு ஒளு செய்யும்போது நாங்கள் மூவரும் குழாயடியில் அவருடைய உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மூக்கிலிருந்து வந்த நீர் தெளிந்த நீராகவே இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைக் கழுவப் போய்விட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தூசி வடிகட்டி மட்டும் பொருத்திய தலைமூடி, ஸ்டைரீன் ஆவிக்கு உதவாது. அதற்கு வேறு டப்பா வேண்டும். ஸ்டைரீன் தீப்பற்றும் ஆவி. சாதாரண மோட்டாரும் மின்கலமும் கொண்ட கருவியோடு ஆவி தேங்கிய குழிக்குள் இறங்கக் கூடாது. நானா அதை அராவும்போது மட்டுமே அணிகிறார். ரெசின் பூசும் நேரத்தில் காற்றோட்டமான பக்கத்தில் மற்றவர்கள் வேலை செய்கிறார்கள்.

கவசத்தைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், தூசியைக் கிளப்பாமல் இருப்பதே அதைவிட மேலானது. புதிதாகப் போட்ட பைபரின் ஓரத்தை முழுதாக இறுகிய பிறகு கிரைண்டரால் வெட்டுவதற்குப் பதிலாக, பச்சையாக, தோல்போல வளையும் பதத்தில் இருக்கும்போதே கூரிய கத்தியால் அரிந்துவிட்டால் தூசியே எழாது. பதம் தவறவிடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி மெருகை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல் நீர் விட்டுக் கையால் தேய்க்கலாம். மின்சாரக் கருவியோடு நீரைச் சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறோம்.

ஆடையையும் விட்டுவிடக் கூடாது. அராவிய சட்டையோடு பள்ளிக்குப் போனால் ஸஜ்தாவில் இழைகள் பாயில் உதிரும். அடுத்த வக்துக்கு அதே இடத்தில் நெற்றி வைப்பவருக்கு ஏன் அரிக்கிறது என்றே தெரியாது. நாங்கள் பட்டறையிலேயே ஒரு மறைப்புக் கட்டி, தொழுகைக்கு வேறு உடுப்பு வைத்திருக்கிறோம். தோலில் ஒட்டிய சுணையைத் தேய்க்காமல் முதலில் நிறைய நீர் விட்டு ஓடவிட வேண்டும். தேய்த்தால் உள்ளே ஏறும். வேலை உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கைக்குழந்தையின் சட்டைக்கு அது போய்விடும்.

ரமளானில் இந்தக் கேள்வியும் வரும்: தொண்டையில் தூசி போனால் நோன்பு முறியுமா? பாதைப் புழுதி, மாவு சலிக்கும்போது பறக்கும் மாத்தூசி போலத் தவிர்க்க இயலாதவற்றால் முறியாது என்பதே ஃபிக்ஹ் நூல்களில் காணும் பொதுவான நிலைப்பாடு. அதைச் சொல்லிக்கொண்டு நோன்பு நாளில் கவசத்தைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள், மூச்சு முட்டுகிறதென்று. அவர்கள் படும் சிரமம் உண்மையானது. ஆகவே ரமளான் முழுவதும் அராவும் வேலையைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் நிறுத்திவிடுகிறோம். படகு உரிமையாளர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. பட்டறையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். நானாவிடம் தொழில் பழகுகிறான், கை நன்றாகத் திரும்பியிருக்கிறது. போன மாதத்திலிருந்து அவனும் தாடி விட்டிருக்கிறான். கன்னத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் முளைத்திருக்கிறது, ஆனால் கசப்புச் சோதனையில் தேறாமல் போக அது போதும். நானாவின் தலைமூடியை ஆளுக்கு அரைநாள் என்று பங்கு போட்டுக்கொள்ளலாமே என்று அவன் கேட்டான். வியர்வை ஊறிய உறையை ஒருவர் கழற்றி மற்றவர் மாட்டுவது சரிப்படாது. உறைகளை மட்டும் தனித்தனியே வாங்க முடியுமா என்று கடையில் விசாரித்திருக்கிறோம். விடை வரும்வரை அவன் அச்சுக்கு மெழுகு பூசுகிறான், பாய் வெட்டுகிறான், பச்சைப் பதத்தில் ஓரம் அரிகிறான். கிரைண்டரைத் தொடுவதில்லை.

வஸ்ஸலாம்.